அந்தோனியாருக்குப் பின்னால் ஒரு பச்சைப் போத்தல்

கண்டக்குழியில் கடலுக்குப் போகாத ஆம்பிளை நான் ஒருத்தன்தான். சின்ன வயதில் அப்பா ஒருதரம் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கரை கண்ணுக்கு மறைந்ததும் நான் வைத்த கூச்சலில் சிலாபம்வரை இருந்த மீனெல்லாம் ஓடிவிட்டது என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஊருக்கு நான் ‘கரை றொபி’. ஆமைகூட முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. நான் திரும்பவில்லை.

கரையிலும் நான் வீரன் இல்லை. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம். இந்த வரிசையில் ஒரு போத்தலும் வந்து சேரும் என்று மட்டும் நினைத்திருக்கவில்லை.

முனாஸ் நானாவின் லொட்ஜில் எனக்கு வேலை. தென்னைகளுக்கு நடுவே ஓலைக்கூரை போட்ட குடில்கள், கபானா என்று பெயர். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியதும் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குவார்கள், பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைமேல் வழுக்கி விளையாட. எந்தக் காற்றைக் கண்டு எங்கள் பெண்கள் செபமாலையைத் தூக்குகிறார்களோ, அதே காற்றைத் தேடித்தான் அவர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அறைச் சாவி, சமையலறைச் சாவி, ஸ்டோர்ச் சாவி, கேற்றுச் சாவி எல்லாம் ஒரே கொத்தாக என் இடுப்பில் தொங்கும். நடந்தால் கலகலக்கும். ஊரில் மற்ற ஆம்பிளைகளுக்கு எஞ்சின் சத்தம். எனக்கு அந்தச் சாவிச் சத்தம். அது இல்லாவிட்டால் நான் வெறும் கரை.

டெர்மட் என்ற அயர்லாந்துக்காரர் பட்டம் விட வந்தவர் அல்ல. சிலாபத்துப் பக்கம் ஒரு பழைய தென்னந்தோட்டத்து பங்களாவை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே துரைமார் காலத்து அலுமாரியில் கிடந்த ஒரு விஸ்கிப் போத்தலை வாங்குவதற்காகவே கடல் தாண்டி வந்தவர். வாங்கிக்கொண்டு லொட்ஜுக்கு வந்து இறங்கியபோது, துவாய்க்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி, பிள்ளைப்பேற்று வார்டிலிருந்து வெளியே வருகிற தகப்பன் மாதிரி இருந்தார்.

துவாயை விலக்கிக் காட்டினார். கரும்பச்சைக் கண்ணாடி. உள்ளே இருப்பதன் நிறமே தெரியாது. மண்ணிறமாகிப் போன லேபல், ஓரங்களைக் கரப்பான் தின்றிருந்தது. வாயில் கறுத்த மெழுகு முத்திரை. அந்த வடிசாலையை அவருடைய தகப்பன் பிறக்குமுன்னே மூடிவிட்டார்களாம். இந்தப் போத்தலுக்கு உலகத்தில் அண்ணன் தம்பி மிச்சம் இருப்பதே சந்தேகமாம். விலையை முனாஸ் நானா என் காதுக்குள் சொன்னார். நான் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்துவிட்டேன். அந்தத் தொகையை இங்கே எழுத மாட்டேன். என் பெண்சாதி சுஜாந்திக்கு வாசிக்கத் தெரியும்.

“இதக் குடிக்கிறதில்லையா இவர்?” என்று கேட்டேன்.

“இல்லடா. சேத்து வைக்கிறாராம். ஊர்ல அலுமாரி நெறைய இரிக்காம். ஒண்டையும் தொறந்ததில்லயாம்.”

“அப்ப எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்ல நானா. நானும் கடலப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன், இறங்கிறதில்ல.”

நானா சிரிக்கவில்லை. டெர்மட் மறுநாள் வில்பத்துவுக்குப் போய் சனிக்கிழமைதான் திரும்புவார். காட்டுப் பாதையில் ஜீப் குலுங்கும். போத்தல் குலுங்கக் கூடாது. சரித்து வைக்கவும் கூடாது, உள்ளே இருப்பது தக்கையைத் தின்றுவிடுமாம். வெயில் படக் கூடாது. நிமிர்ந்து, அசையாமல், இருட்டில் நிற்க வேண்டும். அவர் இதையெல்லாம் கையால் காட்டிக் காட்டிச் சொன்னது, குருவானவர் பூசையில் கைகளை அசைப்பது போலவே இருந்தது.

“ஸ்டோர்ல வைக்கலாமே நானா?”

“குசினியில இரிக்கிறவனுகள் எல்லாம் உன்ன மாதிரிப் பயந்தவனுகளா? ஒரு ராவைக்குத் தாங்குமா?”

“உங்கட ஒபிஸ் அறையில?”

“அல்லாஹ்வே!” நானா காதைத் தொட்டார். “அவங்க குடிச்சா அது அவங்கட கணக்கு. நான் காவல் இருந்தா அது என்ட கணக்கு. நீ வேதக்காரன், உனக்கு இதுல கேள்வி இல்ல. வீட்டுக்குக் கொண்டு போ. ஆனா றொபி, இதுக்கு ஒண்டு நடந்தா நான் உன்னத் தேடி வர மாட்டன். அந்தச் சாவிக்கொத்த நீயே கழட்டி என்ட கையில வெச்சிட்டுப் போயிரு.”

போத்தலை முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு குழிக்கும் அது என் வயிற்றில் இடித்தது. என் குடலுக்கும் அதற்கும் இடையில் யார் கூடுதலாக நடுங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

என் வீட்டில் ஒரு பிரச்சினை இருந்தது. பெயர் கிளைட்டன். சுஜாந்தியின் தம்பி. தாய் தகப்பன் போனபிறகு அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். கலியாணம் கட்டி வந்தபோது சீதனத்தோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கமான பொடியன். பகலெல்லாம் கடல், பொழுதுபட்டால் சாராயம். அவனுடைய மூக்கு கடவுள் கொடுத்த வரம். நான் ஒருதரம் நத்தார்ப் பண்டிகைக்கென்று ஒரு சின்னப் போத்தலை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன், அரிசி இருந்தது. இன்னொருதரம் அடைகாக்கும் கோழிக்குக் கீழே வைத்தேன், கோழி இருந்தது. வீட்டில் அவன் கை வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். சுவரில் இருக்கும் எங்கள் பீடம்.

அந்தப் பீடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் மாதா, வலப்பக்கம் அன்னம்மாள், இடப்பக்கம் அந்தோனியார். அவர்களுக்குப் பின்னால் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் கொண்டுவந்த தீர்த்தம். லொட்ஜில் வேலை செய்கிறவன் வீட்டில் போத்தலுக்கா பஞ்சம்? வெள்ளைக்காரர் காலி செய்துவிட்டுப் போன அழகழகான போத்தல்களைச் சுஜாந்தி சுடுதண்ணீரில் கழுவி, அவற்றில்தான் தீர்த்தம் எடுப்பாள். பஸ்ஸில் வரும்போது சிந்தாமல் இருக்க மூடிமேல் மெழுகுதிரியை உருக்கி ஊற்றுவாள். ஆகவே புனிதர்களுக்குப் பின்னால் ஒரு ஜின் போத்தல், ஒரு வொட்கா போத்தல், ஒரு சதுரமான பிரான்சுப் போத்தல் எல்லாம் மெழுகு முத்திரையோடு வரிசையாக நிற்கும். எங்கள் பீடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் நீர்கொழும்பு ஹோட்டல் பார் போல இருக்கும். கிட்டப் போனால் மோட்சம்.

அங்கே, அந்தோனியாருக்குப் பின்னால், நிமிர்த்தி, இருட்டில், அந்தப் பச்சைப் போத்தலை வைத்தேன். லேபலைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அச்சாகப் பொருந்தியது. வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே புத்தி அது என்று பெருமைப்பட்டேன். அப்படிப்பட்ட புத்தி எனக்கு வரும்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

சுஜாந்தியிடம் சொல்லவில்லை. மாதாவின் முதுகுக்குப் பின்னால் சாராயம் நிற்கிறது என்று தெரிந்தால் அவள் அதை வைத்தே என் தலையில் அடிப்பாள். அப்போது இரண்டு நட்டம்.

அன்று பின்னேரம் செபத்துக்கு முழந்தாளில் நின்றோம். கிளைட்டனும் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். மங்கள வார்த்தை பாதியில் இருந்தபோது அவன் மூக்கு மெல்ல நிமிர்ந்தது.

“அத்தான், அந்தப் பச்சைப் போத்தல் புதுசு போல?”

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். “ஓம். தீர்த்தம்.”

“எங்கத்தத் தீர்த்தம்?” இது சுஜாந்தி.

“தலவில. லொட்ஜுக்கு வந்த கொன்வெண்ட் மதர் ஒராள் தந்தவ.”

“மதர்மாரும் பட்டம் விட வாறவங்களா?” என்றான் கிளைட்டன்.

“செபம் சொல்லுற நேரத்தில வாய் பாத்துக் கதை,” என்று சுஜாந்தி அவன் பிடரியில் ஒன்று வைத்தாள். பிறகு எழும்பிப் போய், அந்தப் போத்தலைத் தொட்டு விரலை முத்திக்கொண்டாள். அந்தோனியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். பொய்யைக் கண்டுபிடிப்பது அவருக்கு அதைவிடச் சுலபமாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காற்று யன்னலை அடித்தால் போத்தல் விழுந்ததோ என்று ஓடுவேன். பல்லி சத்தமிட்டால் பார்ப்பேன். பூனை அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பினால் போதும், பாய்ந்து குறுக்கே நிற்பேன். பூனையைப் பக்கத்து வீட்டு அல்பொன்சா அக்காவிடம் கொண்டுபோய் விட்டேன். அது எனக்கு முன்னமே திரும்பி வந்துவிட்டது. “இப்ப கொஞ்ச நாளா உங்களுக்குப் பக்தி கூடிப்போச்சு,” என்று சுஜாந்தி சந்தோசப்பட்டாள். ஓம், நான் பீடத்துக்கு முன்னாலேயே குடியிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. பின்னேரம் டெர்மட் திரும்பி வருவார், போத்தலைக் கொடுத்துவிட்டு நான் மனிதனாகலாம். காலையில் லொட்ஜுக்குப் போகும்போதே காற்று வழக்கத்தைவிடக் கெட்ட குணத்தோடு வீசியது. மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்தியது. பட்டக்காரர்களே பட்டத்தைச் சுருட்டிவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பருவத்தில் எங்கள் வள்ளங்களில் பாதி கரையில் கவிழ்ந்து கிடக்கும். மிச்சம் களப்புக்குள் போகும். கிளைட்டன் மட்டும், முதல் நாள் கடலில் போட்ட வலையை விட மனமில்லாமல், விடியலில் தன் சின்ன போட்டை இறக்கிக்கொண்டு போயிருந்தான். கூடப் போக வேண்டியவன் வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே நின்றுவிட்டான். என் ஆள் அவன்.

மத்தியானம் தாண்டி அல்பொன்சா அக்கா லொட்ஜ் கேற்றடிக்கு ஓடி வந்தார். எந்த மரண வீட்டிலும் பதறாமல் தேத்தண்ணி ஊற்றுகிறவர். அன்றைக்கு அவர் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

“றொபி, கிளைட்டன்ட போட்டக் காணல்ல. நேவிக்குச் சொல்லியாச்சு. நம்மட கரை ஜெமீல் தன்ட போட்டில தேடிப் போனவன், அலை திருப்பி அனுப்பிப் போட்டுது. இப்ப திரும்பவும் போயிருக்கிறான்.”

நான் ஓடினேன். கடற்கரைக்கு அல்ல, வீட்டுக்கு. சுஜாந்தியைத் தேடித்தான் ஓடினேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். என் கால்களுக்கு உண்மை தெரியும்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பீடத்தில் மாதா இருந்தார், அன்னம்மாள் இருந்தார், அந்தோனியார் இருந்தார். பின்னால் ஒரு போத்தலும் இல்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் நேரத்துக்கு வராவிட்டால், அவன் வீட்டுப் பெண் அலையில் இறங்கி வீட்டிலுள்ள தீர்த்தத்தைக் கடலில் ஊற்றுவாள். துளி மிச்சம் வைக்கக் கூடாது. மிச்சம் வைத்தால் கடலும் மிச்சம் வைத்துக்கொள்ளும் என்பார்கள். சிறு வயதிலிருந்து பார்த்த வழக்கம். என் பெரிய புத்தியில் இது மட்டும் வரவில்லை.

அப்போது எனக்குள் வந்த பயம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கிளைட்டனுக்கு, ஒன்று போத்தலுக்கு. எது முன்னால் ஓடியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கரையில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அல்பொன்சா அக்கா எனக்கு முன்னமே வந்து செபமாலை தொடங்கியிருந்தார். காற்று பாதிச் செபத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. மணலில் ஜின் போத்தல் வெறுமையாகக் கிடந்தது. வொட்கா போத்தல் கிடந்தது. சதுரப் போத்தல் கிடந்தது. சுஜாந்தி முழங்கால் தண்ணீரில் நின்றாள். உடுப்பெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் கையில் பச்சைப் போத்தல். கறுத்த மெழுகைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். உதடு வெட்டி இரத்தம் வந்திருந்தது.

“இஞ்சேருங்க, இது துறக்குதில்ல. இத மட்டும் ஒடச்சித் தாங்க. இதுதான் கடசி.”

போத்தல் என் கைக்கு வந்தது. கண்ணாடி அவள் கைச்சூட்டோடு இருந்தது. முத்திரையில் பல் அடையாளம் மட்டும்தான், உடையவில்லை. இப்போது நான் ஏதாவது ஒரு பொய் சொல்லி இதை வாங்கிக்கொண்டு போகலாம். என் இடுப்பில் சாவி கலகலத்தது. காற்றில் அல்ல, நடுக்கத்தில்.

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். இருபது வருடமாக நான் பயத்தைக் காணாத ஒரே முகம் அது என்று அப்போதுதான் விளங்கியது. அதிலும் இப்போது பயம் மட்டுமே இருந்தது.

“சுஜா, இது தீர்த்தம் இல்ல.”

“என்ன?”

“விஸ்கி. லொட்ஜுக்கு வந்த வெள்ளையன்ட. பழைய சாமான், விலை கூடினது. கிளைட்டனுக்கு ஒளிச்சு அந்தோனியாருக்குப் பின்னால வெச்சனான். மதர் ஒருத்தரும் தரல்ல. ஊத்தினா என்ட வேலை போயிடும். ஆனா அதுக்காகச் சொல்லல்ல. நீ தீர்த்தமெண்டு நம்பி...”

அவள் என்னை அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அடி வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ட தம்பி எண்டைக்காவது தீர்த்தத்துக்கு ஓடி வந்திருக்கிறானா?” என்றாள். “இத்தன போத்தல் ஊத்திட்டன், அவன் திரும்பிப் பாக்கல்ல. இதுக்கெண்டா வருவான். ஒடைங்க.”

“சுஜா...”

“எவ்வளவு தூரத்தில இருந்தாலும் அவனுக்கு மணக்கும். உங்களுக்குத் தெரியும்தானே. அரிசிப் பானைக்குள்ளயே மணந்தது அவனுக்கு.” அவள் போத்தலோடு சேர்த்து என் கையைப் பிடித்தாள். “ஒடைங்கப்பா.”

உடை என்று அவள் சொன்னதைவிட, கூடவே ‘அப்பா’ என்று சொன்னதுதான் என்னை முடித்தது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினேன். ஸ்டோர்ச் சாவிதான் நீளமானது. அதை மெழுகுக்குள் கொடுத்துத் திருகினேன். மெழுகு கறுப்புத் தூளாகக் கொட்டியது. தக்கை சாவியோடு பாதி வந்தது, பாதி உள்ளே உடைந்து விழுந்தது.

மணம் வந்தது. அந்தக் காற்றிலும் வந்தது. பெண்களின் செபம் ஒரு கணம் நின்றது.

“மாதாவே,” என்றார் அல்பொன்சா அக்கா. “கானாவூர்ல தண்ணி திராட்சை ரசமான மாதிரி இஞ்சயும் நடந்திட்டா?”

“நீங்க செபத்த விடாதீங்க அக்கா,” என்றாள் சுஜாந்தி.

நான் அலைக்குள் இறங்கினேன். அப்பாவின் வள்ளத்துக்குப் பிறகு முதல்தடவை. முழங்கால், தொடை, இடுப்பு. ஒவ்வொரு அலையும் என்னைத் தூக்கி இழுத்தது. சுஜாந்தி என் சேட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். போத்தலைக் கவிழ்த்தேன். தேன் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. அலை அதை எடுத்துக்கொண்டது. உதறி உதறி, ஒரு துளியும் மிச்சம் வைக்காமல் ஊற்றினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கடல் அப்படியே இரைந்தது. நேவிக்காரரின் போட் தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரிந்து மறைந்தது. கரைக்கு வந்து மணலில் விழுந்தேன். எனக்குப் பிடித்தமான எல்லாப் பயங்களும் என்னை விட்டுப் போய்விட்டன. நாய், இடி, ஊசி, முனாஸ் நானா, ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் இருந்தது. இனி வீட்டுக்குப் போய் அவனுடைய அறைக் கதவை யார் சாத்துவது என்ற பயம். கொடியில் அவனுடைய சாரம் காய்ந்துகொண்டிருக்கும். அதை யார் எடுப்பது? நானே எடுக்க வேண்டும். என்னால் முடியாது.

பின்னால் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. லொட்ஜில் என்னைக் காணாமல், முனாஸ் நானா டெர்மட்டையும் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்திருந்தார். நானாவின் கண் முதலில் என்னில் பட்டது, பிறகு என் மடியில் கிடந்த வெறும் போத்தலில்.

“றொபி, அது... அதுவா?”

நான் எழும்பினேன். சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தேன். ஸ்டோர்ச் சாவியில் கறுத்த மெழுகு ஒட்டியிருந்தது. “நீங்க சொன்ன மாதிரியே நானா. நானே கழட்டிட்டன்.”

டெர்மட் போத்தலை என் கையிலிருந்து எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார். கடல் தண்ணீர் சொட்டியது. அவருடைய சிவந்த முகம் வெளிறியது. நானா கேட்டார், நான் சொன்னேன், நானா ஆங்கிலத்தில் சொன்னார். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவர் மிகக் கொஞ்சமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கடலைக் காட்டினார், சுஜாந்தியைக் காட்டினார். சுஜாந்திக்கு அந்த மனிதர் யார் என்றே தெரியாது. தேடுவதற்கு வந்தவர் என்று எண்ணி அவரைக் கும்பிட்டாள். “சேர், என்ட தம்பி சேர்,” என்றாள்.

டெர்மட்டின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. எனக்கு லொட்ஜ் ஆங்கிலம் தெரியும். அந்தச் சொல் நல்ல சொல் இல்லை. கோபத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் வேனுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. போத்தலைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பெண்களுக்குக் கொஞ்சம் தள்ளி மணலில் இருந்தார். முனாஸ் நானா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேற்கே பார்த்தபடி உதட்டுக்குள் ஓதத் தொடங்கினார். அப்படியே எல்லோரும் இருந்தோம். வெயில் சரிந்தது. மணல் எங்கள் காதுக்குள் நிரம்பியது.

முதலில் கண்டது சுஜாந்திதான். ஒரு அலைக்கும் மறு அலைக்கும் நடுவில் ஜெமீலின் போட்டின் நீல மூக்கு. பின்னால் கயிற்றில் இன்னொரு போட் இழுபட்டு வந்தது. அதற்குள் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அலை தூக்கும்போது தெரியும்போல இருக்கும், இறங்கும்போது மறையும். செபம் நின்றுவிட்டது.

பிறகு அந்தப் போட்டுக்குள்ளிருந்து ஒரு கை எழும்பியது.

எஞ்சின் நின்று, வலையும் போய், அவன் ஒரு பலகைத் துண்டால் காலையிலிருந்து துடுப்புப் போட்டிருக்கிறான். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. ஜெமீலும் நானும் தூக்கி இறக்கினோம். சுஜாந்தி ஓடி வந்து அவனை முதலில் அறைந்தாள், பிறகு கட்டிப்பிடித்தாள், பிறகு திரும்பவும் அறைந்தாள். அவன் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் அந்த மூக்கு மெல்ல நிமிர்ந்தது. என் நனைந்த சேட்டுப் பக்கம் திரும்பியது.

“அத்தான்,” என்றான் தொண்டை கட்டிய குரலில், “எனக்கு வைக்காம என்னத்தக் குடிச்சீங்க?”

சுஜாந்தி மணலில் இருந்து அழுதாள். சிரித்தாளோ தெரியாது. நான் இரண்டையும் செய்தேன், ஜெமீலின் தோளில்.

டெர்மட் எழும்பி மணலைத் தட்டினார். கிளைட்டனை ஒருதரம் நன்றாகப் பார்த்தார், தான் கொடுத்த விலைக்குக் கிடைத்தது இதுதானா என்பது போல. பிறகு வேனில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் சாவி இல்லாமலே வேலைக்குப் போனேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. டெர்மட் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்று நானாவிடம் ஏதோ கேட்டார்.

“மணம் எப்பிடி இருந்ததெண்டு கேக்கிறார்,” என்றார் நானா. “வீட்டுல அவ்வளவு வெச்சிட்டு, ஒண்டையும் மணந்து பாக்கலயாம் மனுசன்.”

யோசித்தேன். “கோயில்ல பழைய அலுமாரியத் துறந்தா ஒரு மணம் வருமே நானா, திருநாள் உடுப்பு வைக்கிறது. அதுக்குள்ள ஆரோ பனங்கட்டியை மறந்து வெச்ச மாதிரி. கடசில புகை. மழைக்கு முந்தி ஓலை பத்திற புகை.”

வாழ்நாளில் ஒரு துளி மதுவை மணந்திராத முனாஸ் நானா அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீண்ட நேரம் சொன்னார். டெர்மட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் கையைப் பிடிக்கவில்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. வேன் போன பிறகு அவருடைய அறையைக் கூட்டப் போனேன். வெறும் போத்தல் மேசையில் நின்றது. நிமிர்ந்து, வெயில் படாத பக்கமாக.

சாவிக்கொத்து குசினி ஆணியில் தொங்கியது. நானா என் முகத்தைப் பார்க்காமல், “எடு,” என்றார். இடுப்பில் கட்டியபோது சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஸ்டோர்ச் சாவி இல்லை. இன்றுவரை இல்லை. சோடாப் போத்தல் எடுக்கவும் நான் அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆவணித் திருநாளுக்குத் தலவிலவுக்குப் போனபோது சுஜாந்தி அந்தப் பச்சைப் போத்தலில் தீர்த்தம் எடுத்து, மெழுகு ஊற்றி, அந்தோனியாருக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கிளைட்டன் தனக்காக ஊற்றியது விலை கூடின சாமான் என்று கேள்விப்பட்டதிலிருந்து ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறான். கடலுக்கும் போகிறான்.

நேற்றும் அவன் கடலில் நின்ற நேரம் காற்று எழும்பியது. யன்னல் அடித்தது. சுஜாந்தி செபமாலையை எடுத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றாள். பாதியில் நிறுத்தி, மாதாவுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தாள்.

“இஞ்சேருங்க,” என்றாள் மெல்ல. “லொட்ஜுக்கு இப்ப ஆரும் அப்பிடிப் போத்தல் கொண்டு வரல்லயா?”